ஒரு பகல் மட்டும் வாய் திறக்காதே

பேசாமல் இருப்பதில் இவ்வளவு சத்தம் இருக்கும் என்று பெரியக்காவுக்கு இந்த இரண்டு வாரத்தில்தான் தெரிந்தது.

தங்கை வாய் திறக்கவில்லை, வாஸ்தவம். ஆனால் மேஜையைத் தட்டினாள், கரண்டியால் தம்ளரைத் தட்டினாள், கை தட்டிக் கூப்பிட்டாள். 'சரி' என்றால் ஒரு தட்டு, 'முடியாது' என்றால் இரண்டு, 'நீ சொல்வது சுத்தப் பேத்தல்' என்றால் கதவை அறைந்து சாத்துவது. மற்றதையெல்லாம் குழந்தைகள் எழுதி அழிக்கிற பிளாஸ்டிக் சிலேட்டில் கிறுக்கினாள். அந்தக் கையெழுத்தைப் படிப்பதற்குள் பெரியக்காவுக்குப் பாதி உயிர் போய்விடும்.

போன அத்தியாயத்தைத் தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்த வீட்டில் பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவள் பெரியக்கா. கடைக்குட்டி தம்பி. நடுவில் பிறந்தவள் குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வாயாடி. அந்த வாயாடியின் குரல்நாண் மேல் ஒரு சின்ன முடிச்சு. டாக்டர் இரண்டு வாரம் மௌனம் விதித்தார். பேச்சு கூடாது, குசுகுசுப்பு அதைவிடக் கூடாது. முடிச்சு தானாகக் கரைந்தால் தப்பித்தாள். கரையாவிட்டால் கத்தி வைக்க வேண்டும். வைத்த பிறகு வருகிற குரல் பழைய குரலாக இருக்குமா என்று கேட்டதற்கு, தன்னால் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார்.

வேறு எழுத்தாளராக இருந்தால் கைதான் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொள்வார். வாயாடியின் கதை கையில் பிறப்பதில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தபடி ஒவ்வொரு வரியையும் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். மாற்றுவாள், மறுபடி சொல்வாள். காதுக்குப் பிடித்த பிறகுதான் அது தாளுக்கு வரும். இந்த இரண்டு வாரத்தில் அவள் ஒரு வரிகூட எழுதவில்லை. குரல் போனால் கதையும் போச்சு. அது அவளுக்கும் தெரியும், பெரியக்காவுக்கும் தெரியும். இருவருமே அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

நாளைக் காலை டாக்டர் பார்க்கிறார். இன்று ஒரு பகல் நல்லபடியாகக் கழிந்துவிட்டால் போதும்.

அந்த ஒரு பகல்தான் மியூசியத்துப் பகலாக வந்து வாய்த்தது.

தம்பிக்கு ஓவிய அருங்காட்சியகத்தில் குழந்தைகள் பிரிவில் வேலை. சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்தாளரோடு ஒரு நாள் என்று அவன் போட்ட முதல் பெரிய திட்டம் இது. முதலில் எழுத்தாளர் கதை சொல்வார். பிறகு படங்களின் முன் உட்கார்ந்து பிள்ளைகள் எழுதுவார்கள். எழுத்தாளர் வேறு யாரோ இல்லை, சொந்த அக்கா. அக்காவோ வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"சின்னக்கா, நீ வர வேண்டாம். தள்ளி வெச்சுக்கலாம்," என்று அவன் நேற்று வந்து சொன்னபோது முகத்தில் ஈயாடவில்லை.

வாயாடி மேஜையை இரண்டு முறை தட்டினாள். சிலேட்டில் எழுதினாள்: 'ரெண்டு மாசமா என் புத்தகத்தைப் படிச்சிட்டு ஆசையா இருக்கும் பிள்ளைங்க. போறேன்.'

"போய் என்னத்தைப் பண்ணுவே? கதை சொல்லக் கூப்பிட்டா பொம்மை மாதிரி நிப்பியா?" என்றாள் பெரியக்கா.

வாயாடி அழித்துவிட்டு இரண்டே வார்த்தை எழுதி அக்காவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். 'நீ வாசி.'

பெரியக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் இந்த மூலையிலிருந்து 'நில்' என்றால் அந்த மூலையில் நடந்து போகிறவர்களும் சேர்ந்து நிற்பார்கள். அவளிடம் இன்னொரு குணம் உண்டு. ஓடி முடித்த பிள்ளைகள் மூச்சிரைக்க வந்து 'எப்படி மிஸ் ஓடினேன்' என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள். கடைசியாக வந்தவளிடம் 'நல்லா ஓடினே' என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'கடைசியா வந்தே, ஆனா நிக்காம வந்தே' என்பாள். அதனாலேயே பிள்ளைகள் அவளைத் தேடி வந்து கேட்பார்கள்.

"சரி, வாசிக்கிறேன். ஆனா நீ வாயைத் திறந்தே, விசில் அடிச்சிருவேன்," என்றாள், கழுத்தில் தொங்கிய விசிலைப் பிடித்தபடி.

"பெரியக்கா, அது மியூசியம்," என்றான் தம்பி, பரிதாபமாக.

*

வாசலில் காவலர் தண்ணீர்க் குடுவையை வாங்கி வைத்துக்கொண்டார். பேனாக்களை வாங்கிக்கொண்டார். படங்கள் இருக்கிற அறைக்குள் மையும் கூடாது, தண்ணீரும் கூடாது. பென்சில் மட்டும்தான். வாயாடிக்கு அடிக்கடி வெந்நீர் குடிக்க வேண்டுமே என்று பெரியக்கா வாதாடிப் பார்த்தாள். வேண்டும்போது வெளியே வந்து குடிக்கலாம் என்றார் அவர், பணிவாக, ஆனால் இம்மியும் மசியாமல்.

"விசில்?" என்றார்.

"அது என் உடம்போட ஒட்டினது. கழட்ட வராது."

காவலர் என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார்.

கீழ்த்தளத்துக் கூடத்தில், அழைத்திருந்த இரண்டு பள்ளிகளில் முதல் பள்ளிப் பிள்ளைகள் வந்து தரையில் மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மற்றப் பள்ளியின் பேருந்துக்கு வழியில் டயர் பஞ்சர். காத்திருக்க நேரமில்லை, ஆரம்பித்துவிடலாம் என்று சொல்லிவிட்டுத் தம்பி வாசலுக்கு ஓடினான்.

பெரியக்கா முன்னால் போய் நின்றாள். "எல்லாரும் கவனி. எழுத்தாளர் மிஸ்ஸுக்குத் தொண்டையில வலி. இன்னைக்குப் பேச மாட்டாங்க. கதையை நான் வாசிப்பேன். சத்தம் கூடாது."

அங்கே சத்தம் போட்டது அவள் ஒருத்திதான்.

கதை, தூக்கம் வராத ஒரு கொசுவைப் பற்றியது. மெல்ல மெல்லச் சொல்ல வேண்டிய கதை. பெரியக்கா அதை அணிவகுப்புக்குக் கட்டளை கொடுப்பது போல வாசித்தாள். 'கொசு மெதுவாக, மிக மெதுவாகக் கண்ணை மூடியது' என்று அவள் வாசித்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் விறைத்து நிமிர்ந்தார்கள். ஒருவன் பயத்தில் தன் கண்ணை மூடிக்கொண்டான்.

இரண்டு பக்கம் போவதற்குள் பெரியக்காவுக்கே வேர்த்துவிட்டது. நூறு பிள்ளைகளை வெயிலில் நிற்க வைப்பது அவளுக்குப் பெரிய காரியம் இல்லை. இந்த நாற்பது பிள்ளைகளைச் சிரிக்க வைக்கத்தான் வழி தெரியவில்லை. தங்கையின் விழா ஒன்றுக்குக்கூட அவள் இதுவரை போனதில்லை. கதை சொல்வதில் என்ன கம்பசூத்திரம் இருக்கிறது என்று நினைத்திருந்தவள்.

அப்போதுதான் வாயாடி எழுந்தாள்.

ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. அக்காவின் பக்கத்தில் வந்து நின்று, இரண்டு விரலைக் கொசுவாக்கினாள். கொசு அக்காவின் தோளில் வந்து உட்கார்ந்தது. பெரியக்கா அடுத்த வரிக்குப் பாயப் போனாள், வாயாடி கையை உயர்த்தி நிறுத்தினாள். கொசு கொட்டாவி விட்டது. கால் நீட்டிப் பார்த்தது. இடம் பிடிக்காமல் அக்காவின் மூக்குக்கு மாறியது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். பிறகுதான் வாயாடி கையை இறக்கினாள், வாசி என்று.

பெரியக்கா வாசித்தாள். இந்த முறை குரல் தானாகத் தணிந்தது. கை எழும்போது நிறுத்தினாள், இறங்கும்போது தொடர்ந்தாள். கதையின் கடைசியில் கொசு தூங்கிப் போனபோது கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. வாயாடி விரலை மெதுவாக மடக்கிக் கைக்குள் வைத்து மூடினாள். முன்வரிசையில் முன்பல் விழுந்த ஒரு பையன், "ஷ்ஷ், எழுப்பிராதீங்க," என்றான், பின்னால் திரும்பி.

பேசாமலே இப்படி என்றால், பேசும்போது இவள் என்னவாக இருப்பாள் என்று பெரியக்கா நினைத்தாள். இத்தனை வருஷம் இதைப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

*

மாடியில் ஓர் அறை முழுக்க ஒரே ஒரு பெரிய படத்துக்காக விட்டிருந்தார்கள். மங்கலான நடைவழியில், பாதி திறந்த கதவின் முன் பச்சை உடை போட்ட ஒருத்தி நிற்கிறாள். நமக்குத் தெரிவது அவள் முதுகுதான். ஒரு கை கதவுப் பிடியில் இருக்கிறது. உள்ளேயிருந்து ஒரு கீற்று வெளிச்சம் அவள் தோளில் விழுகிறது. போகிறாளா, திரும்பி வருகிறாளா, யார் வீடு, ஒன்றும் தெரியாது. படத்தின் பெயர் எழுதிய அட்டையை வாயாடி நேற்றே சிலேட்டில் எழுதிக் காட்டி, தம்பி தாள் ஒட்டி மறைத்திருந்தான். பெயரைப் படித்துவிட்டால் பிள்ளைகள் படத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பது அவள் கட்சி.

கயிற்றுத் தடுப்புக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் அட்டையும் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தார்கள். அதற்குள் இரண்டாவது பேருந்துப் பிள்ளைகளும் வந்துவிட, தம்பி அவர்களை நேரே இங்கே கூட்டி வந்து உட்கார வைத்தான். வந்த வேகத்தில் தொண்டைச் சங்கதியை அவர்களுக்குச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. பெரியக்காவுக்கும்தான்.

வாயாடி சிலேட்டைத் தூக்கிக் காட்டினாள். 'முதல்ல பாருங்க. எழுதாதீங்க.'

பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் நெளிய ஆரம்பித்தார்கள். வாயாடி விடவில்லை. தன் கண்ணைத் தொட்டு, படத்தைக் காட்டினாள். இன்னும். மறுபடி. இன்னும்.

"அவங்க ஒரு கால்ல மட்டும்தான் செருப்பு போட்டிருக்காங்க," என்றது ஒரு குரல்.

"கதவுல கீறல் இருக்கு. நாய் பிராண்டின மாதிரி."

"உள்ள யாரோ இருக்காங்க. தரையில நிழல் தெரியுது பாரு."

பெரியக்கா எட்டிப் பார்த்தாள். நிழல் இருந்தது. இவ்வளவு நேரம் அதே படத்தின் எதிரில் நின்றுகொண்டிருந்த அவள் கண்ணில் அது பட்டிருக்கவில்லை. வாயாடி ஒவ்வொரு குரலுக்கும் தலையாட்டினாள், புருவத்தை உயர்த்தினாள், ஒரு பெண்ணின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. பிறகு சிலேட்டில் எழுதினாள்: 'இப்ப எழுதுங்க. அடுத்து என்ன நடக்கும்?'

பென்சில்கள் ஓடின.

ஓடாத பென்சில் ஒன்றுதான். இரண்டாவது பேருந்தில் வந்த ஒரு ரெட்டைச்சடை, சுவரோரமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வகுப்பு டீச்சர் பெரியக்காவிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "அவளை விட்டுருங்க மிஸ். பேச்சு திக்கும், அதனால வாயே திறக்க மாட்டா. கேட்டா அழுதிருவா. அவ பாட்டுக்கு உக்காந்திருக்கட்டும்."

வாயாடியின் காதில் அது விழுந்தது. விழாமல் இருக்குமா. நேரே போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. சும்மா இருவருமாகப் படத்தைப் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து ரெட்டைச்சடை கையை நீட்டி வாயாடியின் மடியிலிருந்த சிலேட்டை எடுத்தாள். எழுதினாள். பெரியக்கா பின்னால் போய் நின்று படித்தாள்.

'உங்களுக்கும் பேச வராதா?'

வாயாடி சிலேட்டை வாங்கினாள். எழுதப் போனாள். அதற்குள் அந்தப் பெண் மறுபடி பிடுங்கி, அடியில் சின்னதாகச் சேர்த்தாள். 'எனக்கும் வராது. வந்தா உடைஞ்சு வரும்.' எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பேச வராத ஒருத்தி இத்தனை புத்தகம் எழுதி, இத்தனை பேருக்கு நடுவில் ராணியாக உட்கார்ந்திருக்கிறாள் என்ற சந்தோஷம் அந்த முகத்தில் வழிந்தது.

வாயாடியின் கை அந்தரத்தில் நின்றது.

"உண்மையைச் சொல்லிருடி," என்றாள் பெரியக்கா, காதோரம் குனிந்து.

வாயாடி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினாள், இப்போது வேண்டாம் என்று. பிறகு சிலேட்டைச் சுத்தமாக அழித்துவிட்டு ஒரே வார்த்தை எழுதினாள். 'எழுது.'

கதை எழுதுகிறவளுக்கே வருகிற புத்தி அது. ஒரு பிள்ளைக்குள் கதை ஒன்று எட்டிப் பார்க்கும்போது குறுக்கே உண்மை வந்து அதை விரட்டிவிடக் கூடாது என்று நினைத்தாள். நாமெல்லாம் இருந்தால் உள்ளதைச் சொல்லிவிட்டு எழுந்திருப்போம். அந்தப் பெண்ணும் எழுந்திருப்பாள், வெறும் தாளோடு.

ரெட்டைச்சடை எழுத ஆரம்பித்தாள். தாளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எழுதினாள்.

*

கடைசியாக வாசிக்கும் நேரம். ஒவ்வொருவராக வந்து படத்தின் முன் நின்று, எழுதியதை வாசித்தார்கள். பச்சை உடைக்காரி கடன்காரனுக்குப் பயந்து ஒளிந்தாள். இன்னொரு தாளில் அவள் வேவுக்காரி. முன்பல் விழுந்த பையன் எழுத்தில் அவளுடைய இன்னொரு செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது, அதைத்தான் தேடுகிறாள். வாயாடி ஒவ்வொன்றுக்கும் கைதட்டினாள், நாய்க்கு மட்டும் எழுந்து நின்று தட்டினாள். வாசலோரம் நின்ற காவலர்கூட அறைக்குள் ஒரு எட்டு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி சந்தோஷத்தில் கால் தரையில் பாவாமல் திரிந்தான்.

ரெட்டைச்சடை தானாகவே எழுந்து வந்தாள். அவளுடைய வகுப்பு டீச்சர் வாயைப் பிளந்தார். வந்தவள் வாசிக்கவில்லை. தாளை வாயாடியிடம் நீட்டிவிட்டு, நம்பிக்கையோடு பக்கத்தில் நின்றாள். பேசத் தெரியாதவர்கள் இரண்டு பேர், தாளைத் தூக்கிக் காட்டினால் போதும், எல்லோரும் படித்துக்கொள்வார்கள் என்பது அவள் கணக்கு.

வாயாடி தாளைப் படித்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

முன்பல் விழுந்த பையன் நல்ல மனசோடுதான் குறுக்கே வந்தான். "மிஸ்ஸால இன்னைக்கு வாசிக்க முடியாது. அவங்களுக்குத் தொண்டை வலி. நாளைக்குப் பேசிருவாங்க. நல்லாப் பேசுவாங்க, எங்க வகுப்புல ரேடியோவுல கேட்டிருக்கோம்."

ரெட்டைச்சடை வாயாடியைப் பார்த்தாள். பிறகு சிலேட்டைப் பார்த்தாள். முகம் கூம்பிப் போயிற்று. தாளை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, உட்கார்ந்திருந்த பிள்ளைகளைத் தாண்டி வெளியே ஓடினாள்.

வாயாடி அவள் பின்னால் ஓடினாள். பெரியக்கா வாயாடி பின்னால் ஓடினாள். "ஒண்ணுமில்ல, எல்லாரும் உக்காருங்க," என்று தம்பி கெஞ்சிக்கொண்டிருந்தது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

நடையின் கோடியில், குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், அந்தப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். வாயாடி மண்டியிட்டாள். சிலேட்டைத் தேடினாள். கையில் இல்லை, அவசரத்தில் அறையிலேயே விட்டு வந்திருந்தாள். தோளைத் தொட்டாள். அந்தப் பெண் உதறினாள். பார்க்காத கண்ணுக்குச் சைகை காட்டி என்ன பயன்.

தூணோரம் நின்ற பெரியக்காவுக்கு அடுத்து நடக்கப் போவது தெரிந்துவிட்டது. கை தானாக விசிலுக்குப் போனது. ஊதினால் போதும். நாளைக் காலை வரைக்கும் பொறுத்தால் போதும். இந்தப் பெண் யாரோ எவரோ, இன்னும் அரைமணியில் பேருந்து ஏறிப் போய்விடுவாள். இவள் என் தங்கை. இவளுக்கு இந்தக் குரலை விட்டால் வேறு சொத்து கிடையாது.

விசில் உதடு வரை போயிற்று.

அந்தப் பெண்ணின் முதுகைப் பார்த்தாள். மைதானத்து ஓரத்தில், எந்த அணியும் சேர்த்துக்கொள்ளாமல் இப்படித் திரும்பி நிற்கிற முதுகுகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். விசிலைக் கைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டாள். ஊதவில்லை.

வாயாடி பேசினாள்.

"நா... நான்..." என்று ஆரம்பித்தது. அது அவள் குரலே இல்லை. இரண்டு வாரம் பூட்டி வைத்த தொண்டையிலிருந்து கரகரவென்று, பாதிப் பாதியாக, நடுவில் காற்றாகப் போய்விட்டு மறுபடி வந்தது. "நான்... ஏமா...த்தணும்னு... நெனைக்கல."

ரெட்டைச்சடை மெதுவாகத் திரும்பினாள்.

"எனக்கும்... இப்ப... உடை...ஞ்சுதான்..." வாயாடி நிறுத்தினாள். விழுங்கினாள். மறுபடி வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர்தான் வந்தது.

அந்தப் பெண் ஓர் அடி கிட்டே வந்தாள். மண்டியிட்டிருந்தவளின் தோளில் கையை வைத்தாள்.

"மெ... மெ... மெதுவா சொல்லுங்க," என்றாள். "நா... நான் இருக்கேன்."

இந்த வார்த்தையை அந்தப் பெண்ணிடம் இதுவரை யாராவது சொல்லியிருப்பார்களா என்று பெரியக்கா நினைத்தாள். சொல்லியிருக்க மாட்டார்கள். தனக்கு வேண்டியிருந்ததை எடுத்து அடுத்தவளுக்குக் கொடுத்துவிட்டாள்.

வாயாடி மெதுவாகத்தான் சொன்னாள். அந்தப் பெண் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். "எனக்கு... பயமா இருக்கு," என்று சொல்லி முடிக்க அவ்வளவு நேரம் பிடித்தது.

"எ... எனக்கும்தான்," என்றாள் ரெட்டைச்சடை.

இருவரும் கைகோத்துக்கொண்டு பெரியக்காவைக் கடந்து அறைக்குள் போனார்கள். வாயாடி அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

படத்தின் முன்னால் நின்று அந்தப் பெண் தன் தாளைத் தானே வாசித்தாள். திக்கித் திக்கித்தான் வாசித்தாள். முதல் வார்த்தைக்கே யாரோ களுக்கென்றார்கள். முன்பல் விழுந்த பையன் திரும்பி, "ஷ்ஷ்," என்றான், கொசுவுக்குச் சொன்ன மாதிரியே.

"அவங்க போகவும் இல்ல, வரவும் இல்ல. உள்ள போய் என்ன சொல்லணும்னு வெளியவே நின்னு சொல்லிப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. சரியா வந்ததும் கதவைத் திறப்பாங்க. அது வரைக்கும் யாரும் அவங்களை அவசரப்படுத்தாதீங்க."

வாசித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. ஒருவரும் நெளியவில்லை. முடிந்ததும் அந்த அறை அதுவரை கேட்டிராத கைதட்டலைக் கேட்டது. வகுப்பு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் திரும்பிப் பச்சை உடைக்காரியைப் பார்த்தார்கள். பெரியக்காவும் பார்த்தாள். கூடமும் சமையலறையுமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடக்கிற இன்னொருத்தியின் முதுகு அது. அதற்குமேல் பார்க்க முடியாமல் அவள் வெளியே வந்து, அந்தத் தண்ணீர்க் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

*

திரும்பும்போது தம்பிதான் காரை ஓட்டினான். அவன் வாய் ஓயவில்லை.

"சின்னக்கா, மேல எல்லாருக்கும் ரொம்பத் திருப்தி. மாசா மாசம் நடத்தலாம்னு சொல்லிட்டாங்க. அந்த ரெட்டைச்சடையை எப்படி வாசிக்க வெச்சே? அவங்க டீச்சரே நம்பல. வாயைத் திறக்காம என்ன மாயம் பண்ணினாங்கன்னு கேக்குறாங்க."

வாயாடி பின்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சிலேட் மடியில் கவிழ்ந்து கிடந்தது.

"அவளைத் தொந்தரவு பண்ணாதே. ரோட்டைப் பார்த்து ஓட்டு," என்றாள் பெரியக்கா. விசில் இன்னமும் கைக்குள் இருந்தது. இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் அச்சு விழுந்திருந்தது.

தம்பியிடம் அவள் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது. நடையில் கேட்ட அந்தக் கரகரப்பு காதை விட்டுப் போகவில்லை. சின்ன வயதிலிருந்து ஒரே அறையில் படுத்து, தூக்கத்தில்கூடக் கேட்டுப் பழகிய குரல். அதை இன்று அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. இரண்டு வாரம் பேசாமல் இருந்த கரகரப்பு மட்டும்தானா, அல்லது வேறு ஏதாவதா? ஊதியிருக்க வேண்டுமோ? ஊதியிருந்தால் அந்தப் பெண் இன்று வாசித்திருப்பாளா?

சிக்னலில் வண்டி நின்றது. பின்னாலிருந்து தோளில் ஒரு தட்டு.

திரும்பினாள். சிலேட் நீண்டிருந்தது. எப்போதும் கிறுக்குகிறவள் இந்த முறை குண்டுகுண்டாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதியிருந்தாள்.

'என் குரல் எப்படி இருந்துச்சு?'

பெரியக்கா முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். "நாளைக்கு டாக்டர் சொல்வார்."

சிலேட்டை அழிக்கிற சத்தம் கேட்டது. பென்சில் நகர்கிற சத்தம் கேட்டது. மறுபடி தோளில் ஒரு தட்டு.

'நீ சொல்லு.'

"என்ன கேக்குறா?" என்றான் தம்பி, கண்ணாடியில் பார்த்தபடி.

சிக்னலில் பச்சை விழுந்து, பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. சிலேட் நீட்டியபடியே இருந்தது.